கரையோர மாணவரும் ஆய்வுப் பயிற்சியும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு இறுதியாக நடைபெற்றது 1961ஆம் ஆண்டிலாகும். பின்னர் முத்து ஆய்வுக்கூடத்திற்குள் புகுந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் அழகர்சாமி 1973இல் இந்நகரையடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளும் பொரிப்பகத்தில் உண்டாக்கப்பட்டன. ஆனால் முத்துப் பார்களை மூழ்கியே அறிந்திருந்த குளியாளிகளின் பிள்ளைகள் இவ்வாய்வுக்கூடத்திற்குள் ஆய்வாளராக நுழைவது எவ்வாறு?

கல்லூரி இல்லாத கரையன்று இது. தூய மரியன்னை கல்லூரி 1948இலும், வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951இலும், மீன்வளக் கல்லூரி 1977இலும் தோன்றின. ஆயினும் பட்டம் பெறுவது வேறு, ஆய்வாளராவது வேறு. ஆய்வுக்குரிய வினாவை அமைப்பது எப்படி, அறிஞருக்குக் கடிதம் எழுதுவது எப்படி, பரிந்துரையை யாரிடம் கேட்பது என்பனவற்றைப் பேராசிரியரின் மகன் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவனுக்கு இவற்றைச் சொல்வார் இல்லை. விடுமுறையிலோ அவன் கூலிக்குச் செல்ல வேண்டும்.

இக்குறையை நீக்க அமெரிக்காவில் மெலன் அறக்கட்டளை 1988இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கறுப்பினத்தார் முதலியோர் பேராசிரியராவது அரிதாயிருந்த நிலையை மாற்றுவதே நோக்கம். இளங்கலை மாணவருக்கு ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக அமர்வார். கோடை விடுமுறையில் ஆய்வு செய்ய உதவித்தொகையுண்டு. முனைவர் பட்டம் நாடுவோரின் கல்விக்கடனில் ஒரு பகுதியும் அடைக்கப்படும். 2003 முதல் இத்திட்டம் பெஞ்சமின் மேஸ் அவர்களின் பெயரையும் தாங்குகிறது. அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகனான இவர் பாப்திஸ்து குருவானவர். 1940 முதல் 1967 வரை மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர். அங்கு மாணவராயிருந்த மார்ட்டின் லூதர் கிங்கிற்கு வழிகாட்டியவர். (1936இன் இறுதியில் வார்தாவில் காந்தியடிகளைக் கண்டு உரையாடியவரும் இவரே.) பணம் இத்திட்டத்தில் இரண்டாவது இடத்தையே பெறுகிறது என்பது நம் கருத்து. ஆசிரியரே முதல்வர்.

நம் நாட்டில் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்கி வருகின்றன. தேர்வு பெற்றவர் அறிஞர் ஒருவரின்கீழ் இரண்டு மாதம் பணிபுரியலாம். நன்முயற்சியே, எனினும் மூன்றாம் மாதத்தில் அம்மாணவர் யாரை அணுகுவார்? மேலும், இது அறிவியலார்க்கே உரியது. உப்பளத் தொழிலாளரின் வரலாற்றையோ பரதவரின் வழக்காறுகளையோ ஆய விரும்புவோருக்கு இதில் இடமில்லை. மெலன் திட்டத்திலோ மானிடவியல் துறைகளுக்கே முதன்மை.

சேகரத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயில்வோர் யாவர் என்பதை ஆயர் அறிவார். அவருள் ஒருவரைத் தக்க பேராசிரியரிடம் அழைத்துச் செல்ல எந்த அறக்கட்டளையின் இசைவும் வேண்டியதில்லை. ஒரு விடுமுறைக்குரிய கூலியைச் சேகரமே ஈடு செய்யுமாயின், அம்மாணவர் உப்பளத்திற்குச் செல்லாமல் நூலகத்தில் அமர இயலும்.