பின்கை மண்வெட்டி யந்திரத்திற்குப் பக்கெட்டும் குயிக் கப்ளரும் தெரிந்தெடுத்தல்
(ஆரணி வட்டார விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய குறிப்புகள்)

ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல், மணிலாக்கொட்டை, கரும்பு ஆகியவை முக்கியமான பயிர்களாகும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதியில் வருஷம் முழுவதும் நீரோட்டம் இராதாகையால், இவ்வட்டாரத்துச் சாகுபடி பெரும்பாலும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே நடைபெறுகிறது. ஏரியில் வண்டல் தூர்ந்தால் நீர்க்கொள்ளளவு குறையும்; வரத்துக்கால் அடைபட்டால் மழை பெய்தும் ஏரி நிரம்பாது. முற்காலத்தில் ஊரார் மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஒன்றுகூடிச் செய்த இவ்வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கத்திற்கு 1858-ம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் சட்ட உருவமும் அளிக்கப்பட்டது. நெடுங்காலம் நலிந்திருந்த இவ்வழக்கம் 2017-ம் வருஷத்தில் தமிழ்நாடு அரசால் ஒரு திட்டமாகப் புதுப்பிக்கப்பட்டபோது, கூடையின் ஸ்தானத்தில் யந்திரம் வந்து நின்றது.

அந்த யந்திரத்தின் நன்மையும் தீமையும் அதன் கையின் நுனியில் மாட்டப்படும் பக்கெட்டைப் பொறுத்தவை. ஆரணி நெசவாளர் பாவின் இழைக்குத் தக்க பண்ணையைத் தறியில் பொருத்துகிறார்களேயன்றி, ஒரே பண்ணையைக் கொண்டு எல்லாச் சேலைகளையும் நெய்வதில்லை. மண்வேலையிலோ, ஒரே பக்கெட்டைக் கொண்டு எல்லா வேலைகளையும் முடிக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. இதனால் வாடகைப் பணம் வீணாவதோடு, சிற்சில சமயங்களில் ஏரிக்கே கெடுதல் உண்டாகிறது.

யந்திரத்தின் தன்மை

முன்புறத்தில் மண்ணை அள்ளித் தள்ளும் அகன்ற பக்கெட்டும், பின்புறத்தில் முழங்கைபோல் மடங்கி நீளும் கையும் உடைய டயர் வண்டியே இங்கே கூறப்படும் யந்திரம். ஜனங்கள் இதனை ஜே.சி.பி. என்றே அழைக்கிறார்கள். அது உண்மையில் ஜோசப் சிரில் பாம்போர்டு என்னும் ஆங்கிலேயரின் பெயரெழுத்துக்களைக் கொண்ட ஒரு கம்பெனியின் பெயர். அக்கம்பெனியின் யந்திரங்கள் 1979-ம் வருஷம் முதல் ஹரியானாவிலுள்ள பல்லப்கட்டில் கூட்டு முயற்சியாகச் செய்யப்படலாயின. இப்பொழுது வேறு பல கம்பெனிகளும் இத்தகைய யந்திரங்களைச் செய்கின்றன. சங்கிலித் தடத்தில் செல்லும் பெரிய யந்திரத்தை ஹிட்டாச்சி என்று சொல்வதும் இவ்வாறு கம்பெனிப் பெயரால் வந்த வழக்கே.

இந்நாட்டில் பரவலாக உள்ள டயர் யந்திரத்தின் எடை ஏறக்குறைய ஏழரை டன். பின்கையில் சாதாரணமாக இருக்கும் பக்கெட்டு சுமார் கால் கன மீட்டர் மண் கொள்ளும். ஏரியின் உட்புறம் ஈரமாயிருக்கையில் முன்பக்கெட்டால் மண்ணைத் தள்ள முயன்றால் சக்கரம் புதைந்துவிடும். ஆதலின் உறுதியான தரையில் நின்றுகொண்டு பின்கையால் எட்டி அள்ளுவதே முறை.

வேலையும் அதற்குரிய பக்கெட்டும்

யந்திரம் வாங்குவோரும் வாடகைக்கு அமர்த்துவோரும் முதலில் தீர்மானிக்கவேண்டியது, வருஷத்தில் எந்தெந்த வேலை எத்தனை நாள் இருக்கும் என்பதே.

சாதாரணப் பக்கெட்டு: சுமார் 2 அடி அகலமும் பற்களும் உடையது. இறுகிய செம்மண்ணைத் தோண்டவும், தென்னைக்கு 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுக்கவும், காய்ந்து பாளம்பாளமாக வெடித்த வண்டலை அள்ளவும் இது போதுமானது.

குறுகிய பக்கெட்டு: 1 அடி அகலமுள்ளது. கிணற்றிலிருந்து வயலுக்குக் குழாய் பதிக்கும் பள்ளத்திற்கு இதுவே ஏற்றது. 2 அடிப் பக்கெட்டால் அதே பள்ளத்தை வெட்டினால், எடுக்கவேண்டிய மண்ணும் திரும்ப மூடவேண்டிய மண்ணும் இரு மடங்காகும்.

வாய்க்கால் பக்கெட்டு: 4 அல்லது 5 அடி அகலமுள்ளது, பற்கள் இல்லாமல் நேரான விளிம்பு உடையது. வரத்துக்கால்களிலும் பாசன வாய்க்கால்களிலும் படிந்த சேற்றையும் கோரையையும் வழித்தெடுக்க இது உதவும். அடியும் பக்கங்களும் கிழியாமல் சமமாக நிற்கும். இறுகிய தரையைத் தோண்ட இதனை உபயோகித்தல் கூடாது; விளிம்பு வளைந்துவிடும்.

ஒற்றைப்பல்: இது பக்கெட்டன்று, கொக்கிபோன்ற ஒரு தனிப் பல். ஏரிக்குள் மண்டிய சீமைக்கருவேல மரங்களை வேரோடு பெயர்க்கவும், சுக்கான் கல் படிந்த தரையை முதலில் உடைத்துக்கொள்ளவும் பயன்படும்.

இவற்றுள் பல் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள பேதத்தை ஏரிவேலையில் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். ஏரியின் அடியில் பல தலைமுறைகளாகப் படிந்த களி, நீர் கீழே கசியாதபடி தடுக்கும் மெழுகுபோல் இருக்கிறது. மேலேயுள்ள வண்டல் தீர்ந்த பிறகும் பற்பக்கெட்டால் ஆழமாகக் கிளறினால் அப்படலம் கிழிந்து, மணற்பாங்கான அடிமண் வெளிப்படும். நீர் விரைவில் வடிந்துவிடும். அன்றியும், மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மதகின் வழியாகத் தானாகப் பாயாது. ஆகவே வண்டலின் கனத்தை முன்கூட்டியே சில இடங்களில் குழி தோண்டிப் பார்த்து, இறுதி அரையடியைப் பல்லில்லாத பக்கெட்டால் வழித்தெடுப்பது நலம்.

பக்கெட்டின் அளவு செலவை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். 75 கன மீட்டர் வண்டலைக் கால் கன மீட்டர் பக்கெட்டால் அள்ள 300 முறை கை வீசவேண்டும். நிமிஷத்திற்கு 3 முறை வீதம் 100 நிமிஷமாகும். இடம் மாறி நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 மணி. குழாய்ப் பள்ளத்திற்கு மாட்டிய குறுகிய பக்கெட்டை மாற்றச் சோம்பி அதனாலேயே அள்ளினால், இதே வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு நேரம் செல்லும்.

குயிக் கப்ளர் என்பது யாது?

பக்கெட்டு சாதாரணமாக இரண்டு கனத்த பின்களால் கையோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றி, வேறு பக்கெட்டின் துவாரங்களை நேராக்கித் திரும்ப மாட்டுவதற்கு இரண்டு ஆட்களுக்கு 20 முதல் 30 நிமிஷம் வரை ஆகும். இந்தச் சிரமத்தாலேயே பக்கெட்டை மாற்றாமல் விடுகிறார்கள். கையின் நுனியில் நிரந்தரமாக மாட்டப்பட்டு, பக்கெட்டைக் கவ்விப் பூட்டவும் விடவும் கூடிய சாதனமே குயிக் கப்ளர்.

பூட்டும் விதத்தில் இது இருவகைப்படும். ஒன்று, ஆள் இறங்கிக் கம்பியால் நெம்பிப் பூட்டுவது. விலை குறைவு, பழுதும் குறைவு. மற்றொன்று, ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே எண்ணெய் அழுத்தத்தால் பூட்டுவது. மாற்றும் வேலை ஓரிரு நிமிஷத்தில் முடியும். ஆயினும் இதற்குத் தனி எண்ணெய்க் குழாய்களும் சுவிட்சும் தேவை.

கவ்வும் விதத்திலும் இருவகை உண்டு. பக்கெட்டில் முன்பே உள்ள பின்களையே கவ்வும் கப்ளருக்குப் பழைய பக்கெட்டுகள் பயன்படும். தனக்கென்று அமைந்த காதுகளையே ஏற்கும் கப்ளருக்குப் பக்கெட்டுகளை எல்லாம் அவ்வினத்திலேயே வாங்கவேண்டும். ஆனால் அதில் பக்கெட்டு கைக்கு அதிக நெருக்கமாக நிற்பதால் தோண்டும் வலிமை குறைவது சொற்பம்.

வலிமைக் குறைவு எவ்வாறு நேருகிறதென்றால், கப்ளர் இடையில் வருவதால் பக்கெட்டின் பல் கைநுனியிலிருந்து சற்று விலகி நிற்கிறது. அத்தூரம் 100 சென்டிமீட்டராக இருந்தது 115 ஆனால், பல் மண்ணைப் பெயர்க்கும் வலிமை 100 பங்கில் 87 பங்காகக் குறையும். இது ஏரி வண்டலில் தெரியாது; இறுகிய சரளைத் தரையில் நன்றாய்த் தெரியும். மேலும், கப்ளரின் எடை எவ்வளவோ அவ்வளவு, கை தூக்கக்கூடிய சுமையும் குறையும்.

யாருக்கு லாபம்?

யந்திர வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்றும், நாளைக்கு இருமுறை பக்கெட்டு மாற்றவேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். பின்களைத் தட்டி மாற்ற முறைக்கு 25 நிமிஷம் வீதம் 50 நிமிஷம், அதாவது 1,000 ரூபாய் நேரம் போகிறது. கப்ளரில் முறைக்கு 5 நிமிஷம் வீதம் 200 ரூபாய் நேரமே போகும். மிச்சம் நாளொன்றுக்கு 800 ரூபாய். இத்தகைய நாட்கள் வருஷத்தில் 100 இருந்தால் 80,000 ரூபாயும், 10 மட்டுமே இருந்தால் 8,000 ரூபாயும் மிஞ்சும். கப்ளரின் விலையை இந்த வருஷாந்தர மிச்சத்தால் வகுத்தால், போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பது விளங்கும்.

ஆகவே, பல கிராமங்களுக்குச் சென்று ஒரே நாளில் பலவித வேலை செய்யும் வாடகை யந்திரத்திற்கும், பல மிராசுதாரர்கள் கூட்டாக வாங்கும் யந்திரத்திற்கும் கப்ளர் தகும். ஒரே ஏரியில் வாரக்கணக்கில் வண்டல் மட்டும் அள்ளும் யந்திரத்திற்கும், வருஷம் முழுவதும் சரளை தோண்டும் யந்திரத்திற்கும் அது தேவையில்லை. கைப்பணம் சொற்பமாயின், கப்ளரைவிட ஒரு நல்ல வாய்க்கால் பக்கெட்டை முதலில் வாங்குவதே உசிதம்.

வாங்குமுன் எடுக்கவேண்டிய அளவுகள்

பக்கெட்டோ கப்ளரோ வாங்கும்போது கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி வாங்குதல் கூடாது. பின்னின் குறுக்களவு, இரண்டு பின்களின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம், பக்கெட்டின் இரு காதுகளுக்கு நடுவிலுள்ள அகலம் ஆகிய மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். துவாரமும் புஷ்ஷும் தேய்ந்த பழைய பக்கெட்டைக் கப்ளரில் மாட்டினால் ஆட்டம் அதிகமாகிப் பூட்டும் தேய்ந்துவிடும். ஆகவே புஷ் மாற்றிய பிறகே மாட்டவேண்டும். பல்லின் முனை தேய்ந்தவுடன் தனியே கழற்றி மாற்றக்கூடிய அமைப்பு உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வது நலம்.

உயிருக்கு நேரும் அபாயம்

பின்கைப் பக்கெட்டு ஒன்றின் எடை 150 முதல் 250 கிலோ வரை இருக்கும். கப்ளர் சரியாகப் பூட்டப்படாமல், பக்கெட்டு கழன்று பள்ளத்தில் நின்றவர்மேல் விழுந்து மரணம் நேர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2005-ம் வருஷத்தில் இதுகுறித்துத் தனி எச்சரிக்கை வெளியிட்டது. கப்ளர்களின் பாதுகாப்புக்கென்று 2016-ம் வருஷத்தில் ஐ.எஸ்.ஓ. 13031 என்னும் சர்வதேசத் தரமும் ஏற்பட்டது. வாங்குவோர் இத்தரத்திற்கு உட்பட்டதா என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளலாம். எண்ணெய்க் குழாய் வெடித்து அழுத்தம் போனாலும் பக்கெட்டு விழாதபடி பிடித்துக்கொள்ளும் இரும்புப் பூட்டு இல்லாத கப்ளரை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கலாகாது.

மாட்டிய ஒவ்வொரு தடவையும் கீழ்க்கண்டவாறு சோதித்தல் வேண்டும்.

1. பக்கெட்டைத் தரைக்குச் சமீபமாக வைத்து உட்புறம் முழுதும் மடக்கி, பிறகு விரித்துப் பார்க்கவேண்டும்.
2. பக்கெட்டைத் தரையில் அழுத்தி யந்திரத்தை நோக்கி இழுக்கவேண்டும். சரியாகப் பூட்டப்படாதது இதில் கழன்றுவிடும்.
3. ஓட்டுபவர் இறங்கிப் பூட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும். சுவிட்சின் விளக்கை மட்டும் நம்புதல் கூடாது.
4. காப்புப்பின் உள்ள கப்ளராயின் அதைக் கையால் செருகிய பிறகே வேலை தொடங்கவேண்டும்.
5. தூக்கிய பக்கெட்டின்கீழும், கை சுழலும் எல்லைக்குள்ளும் எவரும் நிற்கலாகாது.

கப்ளர் இல்லாத யந்திரத்திலும் அபாயம் உண்டு. பின்னைச் சம்மட்டியால் தட்டும்போது இரும்புச் சில் தெறித்துக் கண் போவதுண்டு. துவாரம் நேராக நிற்கிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பார்ப்பவர் விரலை இழப்பதுண்டு.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

ஏரி வண்டலை விவசாயத்திற்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அனுமதி வழங்கும் அதிகாரம் 2024-ம் வருஷத்தில் வட்டாட்சியர்களுக்கு அளிக்கப்பட்டது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் அப்போது விதிக்கப்பட்ட அளவுகளாகும். வேலை நடக்கும் ஏரியில் கரையின் அடிப்பாகத்தையும் மதகின் அருகாமையையும் முளையடித்து ஒதுக்கிவிட்டு, எடுக்கவேண்டிய ஆழத்தையும் முன்னதாகவே குறித்துவைத்தல் வேண்டும். யந்திரம் வந்தவுடன் அதில் எந்தப் பக்கெட்டு மாட்டியுள்ளது என்பதைப் பார்த்துக் குறிப்பில் எழுதிக்கொள்வது நல்லது.

வாடகை பேசும்போது பெரும்பாலும் தகராறு உண்டாவது, பக்கெட்டு மாற்றும் நேரம் யார் கணக்கு என்பதிலேயே. கூடுதல் பக்கெட்டைக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது, மாற்றும் நேரத்திற்கு வாடகை உண்டா இல்லையா என்பவற்றை யந்திரம் ஊருக்குள் வருமுன்னரே பேசி முடித்துக்கொண்டால் மனஸ்தாபத்திற்கு இடமிராது. சோதனைக்குச் செல்லும் ஐந்து நிமிஷத்திற்கு மாத்திரம் கணக்குப் பார்த்தல் தகாது. அதனை மிச்சம் பிடிக்க எண்ணி ஓட்டுபவரை அவசரப்படுத்துவோர், பள்ளத்தில் நிற்கும் தம் ஊர் ஆளின் உயிரைப் பணயம் வைக்கிறவர்களாவார்கள்.

சுருங்கக்கூறின், முதலில் வேலையையும், அடுத்து அதற்குரிய பக்கெட்டையும் தீர்மானித்து, மாற்றும் தடவைகளைக் கணக்கிட்ட பிறகே கப்ளரைப் பற்றி யோசிக்கவேண்டும். கோடையில் ஏரி வற்றி யந்திரம் இறங்குமுன் இம்மூன்றையும் முடிவு செய்துகொள்ளும் கிராமத்தில், செலவு குறைவதுடன் அடுத்த மழையின் நீரும் ஏரியில் நெடுநாள் தங்கும்.