எங்க சித்தப்பா எடுத்த சுவர்ப் படங்கள்



இந்த மாதம் சுவரைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன். நீங்கள் இதைப் படிப்பதும் ஒரு சுவருக்கு முன்னால் நின்றுதானே!

எங்க சித்தப்பா மோட்டாருக்கு காயில் கட்டுகிற வேலை செய்கிறார். போட்டோ எடுப்பது அவர் தொழில் இல்லை. ஸ்டுடியோ கிடையாது, பெரிய கேமரா கிடையாது. ஓரம் உடைந்த ஒரு செல்போன்தான் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது வழியில் சைக்கிளை நிறுத்தி ஒரு படம் எடுப்பார். என்ன படம் தெரியுமா? சுவர்! காரை பெயர்ந்த சுவர், பாசி பிடித்த சுவர், கோலப்பொடி சிந்திய திண்ணைச் சுவர், மாட்டுக் கொட்டகைச் சுவர். 2016-லிருந்து இப்படி எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

ஊரில் சிலர் கேலி செய்வார்கள். "கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கிற, குட்டிச்சுவத்தப் போயி எடுக்குறியே. அதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். படங்களைக் கீழே வரிசையாக ஒட்டியிருக்கிறேன். படிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் எதனால் ஆனது?

படம் 1-ஐப் பாருங்கள். இது ஒரு மண்சுவர். குறுக்கே கோடு கோடாகத் தெரிகிறதா? அது விரிசல் இல்லை. அந்தக் காலத்தில் மண்ணில் தண்ணீர் விட்டு, வைக்கோலைப் போட்டு, காலால் மிதித்துக் குழைப்பார்கள். அதை ஒரே நாளில் சுவராக எழுப்ப முடியாது. ஒரு படை வைத்து, அது இறுகிய பிறகுதான் அடுத்த படை வைப்பார்கள். அவசரப்பட்டால் மேல் கனம் தாங்காமல் கீழ்ப்படை பிதுங்கிவிடும். படைக்கும் படைக்கும் நடுவே உள்ள இணைப்புதான் அந்தக் கோடு. வைக்கோல் எதற்கு என்றால், மண் காயும்போது சுருங்கி வெடிக்காமல் இழுத்துப் பிடிக்க.

படம் 2 சுண்ணாம்புக் காரைச் சுவர். இதில் நம்ம அறிவியல் பாடமே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும். மிச்சம் இருப்பது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதை மணலோடு சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லம் எல்லாம் சேர்ப்பதும் உண்டு. பூசிய பிறகு அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். கல்லாக இருந்தது சூளைக்குப் போய், பொடியாகி, சுவருக்கு வந்து திரும்பவும் கல்லாகிறது! அதனால்தான் பழைய காரையில் ஆணி அடித்தால் ஆணி வளைகிறது.

சுவருக்கும் நோய் வரும்

படம் 3-ல் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது சுண்ணாம்பு இல்லை, உப்பு. செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து ஈரம் அந்தத் துளைகள் வழியாக மேலே ஏறும். வெயில் பட்டுத் தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் தங்கிவிடும். அது படிகமாக வளரும்போது காரையைத் தள்ளி உதிர்க்கும். இதைத்தான் பெரியவர்கள் "சுவரு அரிச்சுப்போச்சு" என்கிறார்கள்.

படம் 4-ல் சுவரிலிருந்து அரசங்கன்று எட்டிப் பார்க்கிறது. யாரும் நடவில்லை. பழம் தின்ற பறவையின் எச்சத்தில் விதை வந்திருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும் வேர் உள்ளே போய்ப் பருத்தால் சுவரையே பிளந்துவிடும். மேலே வெட்டிவிட்டால் போதாது, வேர் இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

சுவர் ஒரு நோட்டுப் புத்தகம்

படம் 5-ல் ஒரு வாசல் ஓரத்தில் சாக்பீஸில் எழுதிய எழுத்தும் தேதியும் இருக்கின்றன. போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாக வந்தவர்கள் இட்ட அடையாளம் அது. அப்படி வீடு வீடாக நடந்ததால்தான் 2014 மார்ச்சில் நம் நாட்டுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அந்தச் சாக்பீஸ் எழுத்து அடுத்த மழையில் அழிந்துவிட்டது. படத்தில் மட்டும் இருக்கிறது.

படம் 6-ம் படம் 7-ம் ஒரே சுவர்தான். முதல் படத்தில் சுவருக்குப் பின்னால் தென்னை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாவது படத்தில் வெறும் வானம். நடுவில் 2018 நவம்பர் 16 இருக்கிறது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த நாள். அப்போது நான் சின்னப் பிள்ளை. தென்னைகள் இருந்த ஊர் எப்படி இருந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்க அப்பாயி இந்தப் படத்தை வாங்கி விரல் வைத்து ஒவ்வொரு மரமாக எண்ணினார்கள். ஒன்பது மரம்.

தஞ்சாவூர்ச் சுவரை எடுத்தவர்

சுவரைப் படம் பிடிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. உலகில் இப்போது மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம் பிரான்ஸ் நாட்டின் நியெப்ஸ் என்பவர் 1826, 1827 வாக்கில் எடுத்தது. அதில் மனிதர் யாரும் இல்லை. அவர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளும் சுவர்களும்தான் இருக்கின்றன! பல மணி நேரம் ஒளி பட்டால்தான் அன்று படம் பதியும். சுவர்தானே அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்கும்?

நம்ம பக்கத்துக் கதை இதைவிட ஆச்சரியம். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ஆங்கிலேயப் படை அதிகாரி இருந்தார். அவரும் முதலில் ஆசைக்காகத்தான் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1858-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வந்து, விமானத்தின் அடித்தளச் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். ஒரே படத்தில் அடங்காததால் கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! நம்ம வகுப்புக் கரும்பலகையைவிட நீளம். ஒரு மனிதர் சுவரின் எழுத்துக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறார் பாருங்கள்.

எப்படி எடுக்க வேண்டும்?

சித்தப்பா எனக்குச் சொல்லித் தந்தவை:

1. உச்சி வெயிலில் எடுக்காதே. காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடு. மேடும் பள்ளமும் நிழலால் பிரிந்து தெரியும். தேய்ந்த எழுத்துகூடத் தெரியும்.

2. சுவருக்கு நேராக நில். சாய்ந்து நின்றால் சுவரும் சாய்ந்ததுபோல விழும்.

3. அளவு தெரிய ஒரு ஸ்கேலையோ தீப்பெட்டியையோ பக்கத்தில் வை.

4. தேதியும் இடமும் எழுதி வை. தேதி இல்லாத படம் பாதிப் படம்.

5. வீட்டுச் சுவர் என்றால் வீட்டாரைக் கேட்காமல் எடுக்காதே.

அரிசி மில் சுவர்: இதைக் கட்டாயம் படியுங்கள்

படம் 8 முதல் 12 வரை ஐந்தும் ஒரே விரிசல்தான். நாம் பள்ளிக்குக் குறுக்கு வழியாக வருகிறோமே, மூடிக்கிடக்கும் அந்தப் பழைய அரிசி மில்லின் பக்கச் சுவர் அது.

சித்தப்பாவுக்கு ஊரிலேயே ரொம்பப் பிடித்த சுவர் அதுதான். மங்கிப்போன நீல எழுத்தும் புகைக் கரியும் உள்ள அந்தச் சுவரை நிறைய தடவை எடுத்திருக்கிறார். ஜூன் மாதம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விரிசலைக் கவனித்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அதே இடத்தில் ஸ்கேலை வைத்து எடுத்தார். ஜூனில் 2 மில்லிமீட்டர். ஆகஸ்டில் 4. அக்டோபர் கடைசியில் 9.

எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. பூச்சில் மட்டும் மயிரிழைபோல ஓடினால் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதாக இருக்கும். ஆனால் செங்கல்லையே பிளந்து சாய்வாகப் போவது, மாதத்துக்கு மாதம் அகலமாவது, சுவர் வயிறு தள்ளி நிற்பது, இவை மூன்றும் கெட்ட அறிகுறி. அந்தச் சுவரில் மூன்றும் இருக்கின்றன. மழை பெய்தால் செங்கல் தண்ணீரைக் குடித்துக் கனமாகும், அடிமண் இளகும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் விழுகிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப்போலப் பள்ளிக்கு வந்தவர்கள்தான்.

சித்தப்பா நாலு மாதப் படங்களைப் பிரிண்ட் போட்டு அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். "சுவரு ரொம்ப நாளா அப்படித்தாம்ப்பா இருக்கு" என்று முதலில் சொன்னார்கள். படங்களை வரிசையாக வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. இடிக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். இன்னும் இடிக்கவில்லை.

நான் கேட்டேன், "ஏன் சித்தப்பா, உங்களுக்குப் பிடிச்ச சுவர நீங்களே இடிக்கச் சொல்றீங்களே?"

"பிடிச்சதாலதான் அடிக்கடி பாத்தேன். அடிக்கடி பாத்ததாலதான் தெரிஞ்சுது. எனக்குப் படம் இருக்கு பாப்பா, போதும். நீங்கள்லாம் அந்த வழியாத்தான நடக்குறீங்க" என்றார்.

தோழர் தோழியர்களே, ஒரு வேண்டுகோள். கயிற்றைத் தாண்டி அந்த வழியில் வராதீர்கள். ரோட்டு வழியாக வந்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். பந்து உள்ளே விழுந்தாலும் எடுக்கப் போகாதீர்கள். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள்.

நீங்களும் செய்யலாம்

செல்போன் இல்லையே என்று நினைக்க வேண்டாம். பென்சிலால் வரையலாம். எழுத்தோ செதுக்கலோ இருந்தால் வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் அப்படியே விழும். கோயிலாக இருந்தால் மட்டும் தேய்க்காமல் பார்த்து வரையுங்கள். உங்கள் தெருவில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, எதனால் கட்டியது, யார் கட்டியது, என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நாலு வரி எழுதுங்கள். தேதியை மறக்காதீர்கள். விரிசல் கண்டால் தொடாமல் தள்ளி நின்று பார்த்து, ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் தந்தால் அடுத்த மாதத் தாளில் ஒட்டுவோம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி