தொலைதூர ஒளிபரப்புக்கான கூரை ஆண்டெனா

கூரை ஆண்டெனா என்பது தரையில் நிறுவப்பட்ட ஒளிபரப்பு நிலையத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலைகளைப் பெறுவதற்காக மொட்டை மாடியிலோ ஓட்டுக் கூரைக்கு மேல் நட்ட குழாயிலோ பொருத்தப்படும் உலோக அமைப்பு ஆகும். தமிழில் அலைவாங்கி, அலைக்கம்பம் என்றும் இது அழைக்கப்படுகிறது. நிலையம் அருகில் இருந்தால் எந்த ஆண்டெனாவும் ஓரளவு வேலை செய்யும். நிலையம் 100 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது ஆகிய மூன்றும் சரியாக அமைய வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் கரூர் சாலையில் உள்ள ஜீயபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொடங்கியது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம். ஆகவே அந்த ஒளிபரப்பு காவிரிக் கரைக்கு வந்து சேரவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தொடங்கப்பட்டபோது, தமிழகக் கடலோர ஊர்களில் உயரமான குழாய்களை நட்டுத் தெற்கு நோக்கி ஆண்டெனா கட்டிப் பலர் அதைப் பார்த்தனர். பின்னர் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் உயர்திறன் ஒளிபரப்பி நிறுவப்பட்டதும் தென்மாவட்டங்களின் கூரைகளில் ஆண்டெனாக்கள் மலையை நோக்கித் திரும்பின.

அக்கூரைகளில் பெரும்பாலும் இருந்தது யாகி–உடா ஆண்டெனா. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்தாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகியோர் 1926-இல் இதை வெளியுலகுக்கு அறிவித்தனர்.

அலை எவ்வளவு தூரம் எட்டும்?

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாக இருப்பதால், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அவை தரையை விட்டு உயர்ந்து போய்விடும். காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதால் கண் எட்டும் எல்லையைவிட அலை எட்டும் எல்லை கொஞ்சம் அதிகம். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஒளிபரப்பிக்கு ஒரு தடவையும் வீட்டு ஆண்டெனாவுக்கு ஒரு தடவையும் கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும்.

கொடைக்கானல் சுற்றியுள்ள சமவெளியைவிடச் சுமார் 2,000 மீட்டர் உயர்ந்தது. 2,000-இன் வர்க்கமூலம் 44.7. அதை 4.12-ஆல் பெருக்கினால் 184 கிலோமீட்டர். ஜீயபுரத்தில் 10 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருந்தால் அதற்குரியது 13 கிலோமீட்டர். ஆக மொத்தம் 197 கிலோமீட்டர். ஜீயபுரத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான். எனவே இடையில் வேறு குன்று மறைக்காத வரையில் கணக்கு இடம் கொடுக்கிறது. இதற்கு மாறாக, சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் ஒன்றிலிருந்து வரும் ஒளிபரப்பு அதே ஆண்டெனாவுக்கு 54 கிலோமீட்டர் வரைதான் நேராக எட்டும்.

இலங்கையின் மிக உயரமான மலையான பீதுருதலாகலையின் (2,524 மீட்டர்) உச்சியில் ரூபவாகினியின் ஒளிபரப்பி உள்ளது. கணக்கின்படி அதன் எல்லை 220 கிலோமீட்டர். ராமேஸ்வரமோ அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ஆனாலும் சில நாள்களில் இத்தகைய தொலைவுகளிலும் படம் தெளிவாக வரும். வேறு சில நாள்களில் வெறும் புள்ளிகளே தெரியும். கடலின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலை அவற்றுக்கிடையே குழாய்க்குள் செல்வதுபோல வெகுதூரம் போகிறது. வானிலை மாறினால் அந்த வழி மூடிவிடும். ஒருநாள் படம் வந்ததை வைத்து ஆண்டெனாவின் திறனை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கம்பியின் நீளம்

ஆண்டெனாவின் கம்பி நீளம் அது பெற வேண்டிய அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதியாக இருக்க வேண்டும். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 60 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 5 மீட்டர், கம்பி 2.5 மீட்டர். 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் கம்பி 75 சென்டிமீட்டர். 600 மெகாஹெர்ட்ஸ் என்றால் வெறும் 25 சென்டிமீட்டர். நடைமுறையில் இவற்றைவிடச் சற்றுக் குறைவாக வெட்டுவார்கள்.

ஆகவே கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த நிலையம் எந்த அலைவரிசையில் ஒளிபரப்புகிறது என்பதே. கைப்பிடி அளவுக் கம்பிகள் கொண்ட ஆண்டெனா 60 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்கு உதவாது. கூரையில் இருக்கும் பழைய ஆண்டெனாவின் கம்பியை அளந்தாலே அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மாணவர்கள் கண்டுபிடித்துவிடலாம்.

கம்பிகளின் எண்ணிக்கை

யாகி ஆண்டெனாவில் கேபிள் இணைக்கப்படும் கம்பி ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி அலையைத் திருப்பியனுப்பும். முன்னால் உள்ள குட்டையான கம்பிகள் அலையை உள்நோக்கி நெறிப்படுத்தும். முன்கம்பிகள் கூடக் கூட ஆண்டெனாவின் பார்வை குறுகி, அந்த ஒரு திசையில் திறன் கூடுகிறது. ஆனால் நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்கும் திறன் இரட்டிப்பை எட்டுவதில்லை. நீளமான ஆண்டெனா காற்றில் அதிகம் ஆடும். அதன் கணுக்கள் எளிதில் தளரும். பறவைகளும் குரங்குகளும் அமர்ந்து வளைக்கும் வாய்ப்பும் அதிகம். தூரத்து நிலையத்துக்கு உறுதியான நடுத்தர ஆண்டெனாவைச் சரியான இடத்தில் நிறுத்துவது, மிகப் பெரியதை ஏனோதானோவென்று கட்டுவதைவிட மேல்.

உயரமும் திசையும்

10 மீட்டரில் இருந்த ஆண்டெனாவை 16 மீட்டருக்கு உயர்த்தினால் மேற்கண்ட கணக்கில் கூடுவது வெறும் 3.5 கிலோமீட்டர். அப்படியானால் உயரம் எதற்கு? பக்கத்தில் இருப்பவற்றைத் தாண்டுவதற்கு. ஜீயபுரம் வட்டாரம் வாழையும் தென்னையும் நிறைந்தது. ஈரமான மட்டையும் இலையும், குறிப்பாக உயர் அலைவரிசைகளை, உறிஞ்சிவிடும். தென்னந்தோப்புக்குள் பார்க்கும் ஆண்டெனாவைச் சில மீட்டர் நகர்த்தி, மரங்களின் இடைவெளி வழியே பார்க்க வைத்தாலே படம் மாறும். திருவரங்கத்தில் தெருக்கள் நெருக்கமானவை. அங்கே எதிர்வீட்டு மாடியும் தண்ணீர்த் தொட்டியுமே முதல் தடை.

ஜீயபுரத்திலிருந்து கொடைக்கானல் தென்மேற்கில், சரியாகச் சொன்னால் தென்மேற்கைவிடச் சற்று மேற்காக அமைகிறது. திசைகாட்டியால் தோராயமாக நிறுத்தியபின், கீழே ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, மேலே ஒருவர் சிறிது சிறிதாகத் திருப்புவதே பழகிய முறை. நிலையத்தின் அலை கிடைமட்டமாக அனுப்பப்பட்டால் கம்பிகளும் கிடைமட்டமாக இருக்க வேண்டும்.

கேபிளும் பூஸ்டரும்

ஆண்டெனா பிடித்ததில் ஒரு பகுதி கேபிளிலேயே தொலைந்துவிடும். வீடுகளில் பயன்படும் வழக்கமான 75 ஓம் கேபிளில், 600 மெகாஹெர்ட்ஸ் அலை 20 மீட்டர் இறங்குவதற்குள் அதன் திறனில் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. அதனால்தான் பூஸ்டர் எனப்படும் பெருக்கியை ஆண்டெனாவுக்கு அருகிலேயே, குழாயின் உச்சியில் பொருத்த வேண்டும். கீழே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், ஏற்கெனவே மெலிந்துபோன அலையோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். ஆண்டெனாவுக்கு அலையே வரவில்லை என்றால் எந்தப் பூஸ்டராலும் பயனில்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எண்ணிம ஒளிபரப்பில் இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய முறையில் அலை குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் பார்க்கலாம். எண்ணிம முறையில் அலை ஓர் அளவுக்குமேல் இருந்தால் படம் முழுத் தெளிவு. அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து, அடியோடு நின்றுவிடும்.

பாதுகாப்பு

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து உயிருக்குத்தான். குழாயைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்தால் எந்தப் பக்கமும் மின்கம்பியைத் தொடாத இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது மின்கம்பி குழாயின் முழு நீளத்தைவிட அதிகத் தொலைவில் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சம இடைவெளியில் இழுகம்பி கட்ட வேண்டும். குழாயைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தில் எர்த் செய்வது கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போவதும் ஆண்டெனாவைத் தொடுவதும் கூடாது. மேகம் திரளும்போதே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

இன்றைய நிலை

வெளிநாடுகளில் கூரை ஆண்டெனா இன்னும் பயன்பாட்டில் உள்ளது. டொரன்டோ நகரில் 553 மீட்டர் உயரமுள்ள சிஎன் கோபுரத்தை நோக்கி ஒன்றும், ஒன்டாரியோ ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நிலையங்களை நோக்கி ஒன்றுமாக ஆண்டெனா வைத்துக் கட்டணமின்றிப் பார்ப்போர் உண்டு. அங்கு வாழும் தமிழர்களுக்கும் மேற்சொன்ன கணக்குகள் அப்படியே பொருந்தும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2016 பிப்ரவரி 25 அன்று தூர்தர்ஷன் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் எண்ணிமத் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் திருச்சி இல்லை. முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 ஒளிபரப்பிகள் தவிர, மற்ற பழைய தரைவழி ஒளிபரப்பிகளை 2022 மார்ச் 31-க்குள் நிறுத்திவிடப்போவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. ஆகவே தமிழகத்தின் எந்த ஊரிலும் ஆண்டெனா வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஆண்டெனா என்பதல்ல. அந்தத் திசையில் இப்போது ஒளிபரப்பு நடக்கிறதா என்பதே.

மாதக் கட்டணமின்றித் தூர்தர்ஷன் பார்க்க விரும்புவோருக்கு டிடி ஃப்ரீ டிஷ் எனும் செயற்கைக்கோள் சேவை உள்ளது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இதற்குச் சிறிய கிண்ண ஆண்டெனாவும் செட்-டாப் பெட்டியும் போதும். இது 93.5 பாகை கிழக்கு நெட்டாங்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியே வருகிறது. ஜீயபுரத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில், தரையிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். அவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் தொலைவிலுள்ள குன்றும் அடுத்த தெரு மாடியும் அதற்குத் தடையாவதில்லை. கிண்ணத்துக்கு நேர் மேலே கவிந்திருக்கும் தென்னைமட்டை மட்டும் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.