ஒருமுனை வீட்டில் மும்முனை மோட்டார்

பௌதிகம் படிக்கிறவனுக்கு மின்சாரம் பற்றி எல்லாம் தெரியும் என்று நம் அன்பர்கள் பலர் நம்புகிறார்கள். ஆகவே சங்கத்துக்கு வந்தாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்வி என்னைத் தொடர்கிறது: "தம்பி, பழைய லேத்து ஒன்று மலிவாகக் கிடைத்தது. மோட்டார் மும்முனை. வீட்டிலோ ஒருமுனை லைன்தான். ஓட்ட முடியுமா?"

முடியும். ஆனால் மோட்டாரின் தகட்டைப் படிக்காமல் முடியாது.

ஒருமுனை மின்சாரம் ஊஞ்சல் போன்றது. முன்னும் பின்னும் ஆட்டுமேயன்றித் தானாகச் சுழற்றாது. மும்முனை என்பது குடைராட்டினத்தைச் சுற்றி மூவர் சமதூரத்தில் நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தள்ளுவதற்கு ஒப்பாகும். மோட்டாருக்குள் காந்தப்புலமே சுழல்கிறது. நடுவிலுள்ள உருளை அதன் பின்னே ஓடுகிறது. 1889இல் டொலிவோ-டோப்ரோவோல்ஸ்கி அமைத்த மும்முனை மோட்டாரின் தத்துவமும் இதுதான். இன்றும் மாறவில்லை.

மூன்றாம் கம்பிக்குக் கண்டென்சர் வைத்து ஓட்டுவது பழைய வழக்கம். சுழலும், ஆயினும் ஒரு குறிப்பிட்ட சுமைக்குத்தான் அக்கண்டென்சர் பொருந்தும். சுமை மாறினால் மூன்று காயில்களும் சமமாக உழைப்பதில்லை. பலம் குறைகிறது, மோட்டார் சுடுகிறது. காற்றாடி ஓட்டப் போதும். இரும்பு கடையப் போதாது.

இப்போது கடைகளில் 'டிரைவ்' என்றும் 'வி.எஃப்.டி.' என்றும் விற்கும் பெட்டி வேறு வகை. வீட்டின் 230 வோல்ட்டை அது முதலில் நேர்மின்சாரமாக்கிக் கண்டென்சர்களில் நிரப்புகிறது. அலையின் உச்சி அளவுக்கு நிரம்புவதால் அங்கே ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிறகு ஆறு டிரான்சிஸ்டர்கள் அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, மூன்று அலைகளாக வெளியே அனுப்புகின்றன.

இங்கேதான் கவனம் வேண்டும். சாதாரணமான டிரைவ், உள்ளே வந்த வோல்ட்டுக்கு மேல் வெளியே தராது. மும்முனைதான், ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 230 வோல்ட். தொழிற்சாலையின் 415 அன்று.

தில்லியில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இப்படி இணைத்தார. வெறுமனே விட்டால் அழகாகச் சுழன்றது. உளி இரும்பில் பட்டதும் நின்றது. "இன்னும் பெரிய டிரைவ் வாங்குங்கள்" என்றார் கடைக்காரர். மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்டார் இணைப்பில் இருந்தது. ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் 230ஐ 1.73ஆல் வகுத்தால் வரும் 133 வோல்ட்டே கிடைக்கும். காயில் கேட்பதோ 240. முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மின்சாரத்தை அறவே நிறுத்திவிட்டு, ஆறு முனைகளின் பித்தளைத் தகடுகளை மாற்றி டெல்டாவாக்கினோம். பெரிய டிரைவின் விலை மிச்சமாயிற்று.

தகட்டில் '230/415, டெல்டா/ஸ்டார்' என்றிருந்தால் இது பொருந்தும். பெட்டியில் மூன்றே கம்பிகள் வந்திருந்து உள்ளே ஸ்டார் கட்டியிருந்தால், காயில் கட்டுபவரிடம் கொடுத்து அந்த முடிச்சைப் பிரித்து ஆறாக்க வேண்டும். '415 டெல்டா' என்று மட்டும் எழுதிய பெரிய மோட்டாரை இம்முறையில் முழுப்பலத்துடன் ஓட்ட வழியில்லை. அதை வாங்காமலிருப்பதே மேல்.

டெல்டாவில் மோட்டாரின் கம்பி மின்னோட்டம் 1.73 மடங்காகும். ஸ்டாரில் 1.8 ஆம்பியர் என்றால் இங்கே 3.1. டிரைவைத் தேர்வதும், அதில் மோட்டார் அளவைப் பதிவதும் இந்த எண்ணைக் கொண்டுதான். சுவர்ப் பக்கம் இழுப்பது இன்னும் அதிகம். கண்டென்சர்கள் அலையின் உச்சியில் மட்டும் அவசரமாக நிரம்புவதால், ஒரு குதிரைத்திறனுக்கே எட்டு ஆம்பியருக்கு மேல் போகலாம். 6 ஆம்பியர் பிளக்கை மறந்துவிட்டு 16 ஆம்பியர் பிளக்கில், நல்ல எர்த்துடன் இணையுங்கள். மோட்டாரின் உடலுக்கும் எர்த்து கட்டாயம்.

வேகத்தைக் குமிழால் மாற்றுவது பெரிய சௌகரியந்தான். ஆனால் மிகவும் குறைத்து நெடுநேரம் ஓட்டினால், அச்சிலுள்ள விசிறியும் மெதுவாகிச் சூடேறும். அத்தகைய வேலைக்கு லேத்தின் பெல்ட்டையே மாற்றிக்கொள்வது நல்லது.

சுவிட்சை அணைத்த பிறகும் டிரைவின் கண்டென்சர்களில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் நிற்கும். மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டுமென்று எழுதியிருக்கும். அத்தனையும் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்பே கை வையுங்கள்.

லேத்தோடு வரும் பழைய முன்-பின் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே வைக்கக்கூடாது. ஓட்டத்தில் திருப்பினால் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். அதை எறியவும் வேண்டாம். டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மெல்லிய கம்பி இழுத்தால், அதே பிடியே முன்னும் பின்னும் ஓட்டும்.