இரண்டு திர்ஹம் புகட்டும் பாடம்

மாணவச் செல்வங்களே! பெற்றோரைச் சாராது, சொந்த வருவாயில் மாதச் செலவை நடத்த முற்படுகின்றீர்களா? அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சிந்தியுங்கள்.

உதவி வேண்டி வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் குவளையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலமிட்டு, 2 திர்ஹம் பெற்று அவரிடமே அளித்தார்கள். ஒன்று குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. அதன் காம்பையும் தம் திருக்கரத்தாலேயே பொருத்தினார்கள். விறகு விற்ற தோழர் 15 நாள் கழித்து 10 திர்ஹம் ஈட்டி வந்தார்.

வறுமையிலும் பாதித் தொகை நாளைய உழைப்புக்கென ஒதுக்கப்பட்டதைக் கவனியுங்கள்! முதலில் உணவும் வாடகையும். அடுத்து நூலும் கல்விக் கட்டணமும். பிறகே பிற விருப்பங்கள். ஆடம்பரத்திற்குக் கடன் வேண்டாம். சிறு தர்மத்தை மறக்கவும் வேண்டாம். வீண்விரயமும் கஞ்சத்தனமுமின்றி நடுநிலை பேணுவோரைத் திருமறை (25:67) போற்றுகிறது. அந்நல்லோருள் நம்மையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.