தண்ணி பக்கத்துல ரெண்டு நாள்... அந்தத் தண்ணி இல்லீங்க!

கடைசிப் பரீட்சை பேப்பரைக் கட்டிக் கொடுத்துட்டு ஹாலை விட்டு வெளியே வந்ததும் எல்லா கேங்கிலும் கேட்கிற முதல் கேள்வி: 'மச்சி, எங்கடா போறோம்?' ஒருத்தர் ஊட்டி என்பார், ஒருத்தர் கொடைக்கானல் என்பார். பின்னாடியிருந்து ஒரு குரல் கோவா என்று கூவும். கோவா வழக்கம்போல கேன்டீன் டேபிளோடு முடிஞ்சுடும்!

இந்தத் தடவை கொஞ்சம் மாத்தி யோசிங்களேன். பெரிய ஏரி, அதுக்கு நடுவுல ஒரு தீவு, தீவுல ஒரே ஒரு வீடு. இல்லேன்னா ஆத்தங்கரையில ஒரு காட்டு விடுதி, ராத்திரி பூரா தண்ணீர் ஓடுற சத்தம். இங்கிலீஷ் படத்துல வர்ற மாதிரி கட்டில், அடுப்போட கேரவனை ஓட்டிட்டுப் போய் ஏரிக்கரையில நிறுத்துற சமாச்சாரம் நம்ம பக்கம் பெரிசா வளரலை. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவிச்சது. ஆனா நம்ம பாக்கெட் மணிக்கு அதெல்லாம் தாங்காது பாஸ். நமக்கு டெம்போ டிராவலர்தான் கேரவன்.

ஏரின்னு சொன்னது பரம்பிக்குளம். கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துல இருக்கிற புலிகள் காப்பகம். ஆனா வண்டியில அங்கே போகணும்னா பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப்னு தமிழ்நாட்டு வழியாத்தான் போயாகணும். இந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட், ஆனப்பாடியில அவங்க செக்போஸ்ட் ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் கட்டணம், ரெண்டு இடத்துலயும் பிளாஸ்டிக் சோதனை. பைக்குல பறக்கிற பிளான் இருந்தா இப்பவே மறந்துடுங்க. டூவீலரில் வர்ற சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடமாட்டாங்க.

கேரள வனத்துறையே மர வீடு, ஏரி பார்த்த குடில், வீட்டிக்குன்னு என்ற தீவுக்குள்ளே ஒரு வீடுன்னு பல தினுசா தங்க இடம் வெச்சிருக்கு. தீவு வீடு சின்ன கேங்குக்குத்தான் சரி. இருபது பேர் படை திரண்டு போறவங்க அதைக் கனவுல மட்டும் பார்க்கலாம். சாப்பாடு, கூட வர்ற கைடு எல்லாம் சேர்த்து பேக்கேஜாத்தான் பெரும்பாலும் தர்றாங்க. சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிடும். அதனால தேதியை முதல்ல முடிவு பண்ணுங்க. ஒரு ரகசியம்: 'நான் வர்றேன்'னு சொல்றவன் பேரை எழுதாதீங்க, காசு கொடுத்தவன் பேரை மட்டும் எழுதுங்க. பதினாலு பேர் ட்ரிப் ஆறு பேரா சுருங்கி, வண்டி வாடகை தலைக்கு ரெண்டு மடங்கா ஏறின கதை எல்லா டிபார்ட்மென்ட்லயும் உண்டு.

ஆறுதான் வேணும்னா கோயம்புத்தூர் பக்கம் வாங்க. காரமடை வழியா மலை ஏறினா பில்லூர் அணையின் பின்பக்கம் பரளிக்காடு. வனத்துறையும் அங்கே இருக்கிற பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துற சுற்றுலா. பரிசல் சவாரி, அந்த ஊர்ப் பெண்கள் சமைச்சுப் போடுற மதியச் சாப்பாடு, அப்புறம் பவானி ஆத்துக் குளியல். ராத்திரி தங்கணும்னா பக்கத்துல பூச்சமரத்தூர் விடுதி. கட்டணத்தையும், அந்த வாரம் திறந்திருக்காங்களான்னும் வனத்துறைகிட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க. யானை நடமாட்டம், மழை, காட்டுத் தீ எச்சரிக்கைன்னு காட்டை எப்ப வேணா மூடுவாங்க.

காலேஜ் லீவுக்கும் காட்டுக்கும் ஜாதகப் பொருத்தம் கொஞ்சம் இடிக்கும். ஏப்ரல், மே நமக்கு லீவு, காட்டுக்குத் தீ சீசன். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தது நினைவிருக்கும். ஜூன், ஜூலையில தென்மேற்குப் பருவமழை, கூடவே கால் ரெண்டிலும் அட்டைப்பூச்சி. டிசம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை நல்ல காலம். செமஸ்டர் முடிஞ்ச கையோட கிளம்பலாம்.

தண்ணிக்கு ஸ்விட்ச் வேற இடத்துல!

இனி கொஞ்சம் சீரியஸா கேளுங்க. நம்ம ஊர்ல தங்கப் போற ஏரி, ஆறு பலதும் தானா ஓடுற தண்ணீர் இல்லை. மேலே எங்கேயோ ஒரு அணை, அதுல ஒரு மதகு, அதைத் திறக்க ஒரு ஆள். உங்க தலைக்கு மேல வானம் பளிச்சுனு இருக்கும். பாறை நடுவுல கணுக்கால் அளவு தண்ணிதான் இருக்கும். மதகு திறந்தா சில நிமிஷத்துல அந்தப் பாறையே காணாமப் போயிடும்.

2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலேஜ் டூர் வந்த ஹைதராபாத் இன்ஜினீயரிங் மாணவர்கள் இமாச்சலப் பிரதேசத்துல பியாஸ் ஆத்துக்குள்ளே இறங்கி, பாறைகள் மேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மேலே இருக்கிற லார்ஜி நீர்மின் திட்ட அணையிலேர்ந்து தண்ணீர் திறந்துவிட்டாங்க. 24 மாணவ, மாணவிகளும் கூடப் போன சுற்றுலா வழிகாட்டி ஒருவரும் போயிட்டாங்க. உங்க வயசுதான். வெள்ளம் வர்றதைக் கரையில நின்னவங்க வீடியோவா எடுத்திருந்தாங்க. நாடு முழுக்க டி.வி.யில ஓடினது அந்த வீடியோ.

பில்லூரும் மின்சாரம் எடுக்கிற அணைதான். அணையின் உயரம் 100 அடி. மழைக்காலத்துல 97 அடியைத் தொட்டாலே உபரி நீரைத் திறந்துடுவாங்க. மழையே இல்லாத நாளிலும் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடுவாங்க. அதனாலதான் கீழே மேட்டுப்பாளையத்துல பவானியில குளிக்கிறவங்க திடீர்னு மாட்டிக்கிறாங்க. பரம்பிக்குளம் ஏரியும் அணை கட்டித் தேக்கினதுதான். அணை நிக்கிறது கேரளாவில், இயக்குறது தமிழ்நாடு. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில அதோட மூணு ஷட்டரில் ஒண்ணு உடைஞ்சு, யாரும் திறக்காமலே பல ஆயிரம் கன அடி தண்ணீர் பாய்ஞ்சு சாலக்குடி ஆத்துக்குப் போச்சு.

அதுக்காகப் பயந்து ஹாஸ்டல்லயே படுத்துக்கச் சொல்லலை. போனதும் முதல் வேலையா விடுதி ஆள்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: 'அண்ணே, மேலே அணை இருக்கா? எப்போ தண்ணி விடுவாங்க?' அவர் குளிக்கலாம்னு காட்டுற இடத்துல, அவர் சொல்ற நேரத்துல மட்டும் இறங்குங்க. சங்கு ஊதுவாங்கன்னு நம்பி உட்காராதீங்க. ஆத்து இரைச்சல்ல அது காதுல விழாமலே போகலாம். தண்ணி விளிம்புல ஒரு கல்லை அடையாளம் வெச்சுக்கிட்டு அப்பப்ப பாருங்க. கல் நனைய ஆரம்பிச்சாலோ, தெளிஞ்ச தண்ணி கலங்கினாலோ, இலை, குச்சியெல்லாம் கூட்டமா மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ செருப்பைத் தேடாம மேட்டுக்கு ஓடுங்க. ஆத்து நடுத் திட்டுல சமையல், அரட்டை எதுவும் வேண்டாம்.

அணை ஏரி வேற மாதிரி ஏமாத்தும். மேலே கண்ணாடி மாதிரி அசையாம இருக்கும். அடியில இருக்கிறது மூழ்கிப் போன ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டடி எடுத்து வெச்சா இடுப்பளவு, மூணாவது அடியில ஆள் இல்லை. சேறு காலைப் பிடிக்கும். காலேஜ் நீச்சல் குளத்துல மெடல் வாங்கினவரும் இங்கே புதுமுகம்தான். போதாக்குறைக்கு பரம்பிக்குளம் தண்ணியில முதலை உண்டு. அங்கே குளியல் ரூம்ல மட்டும்தான். அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஒருத்தர் மூழ்கினா அடுத்தவர் குதிக்கிறதும், அவரைப் பிடிக்க இன்னொருத்தர் குதிக்கிறதும்தான் பேப்பர்ல 'நண்பர்கள் மூவர் பலி'ன்னு வருது. ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கின அஞ்சு லிட்டர் காலி கேனும் எடுத்துட்டுப் போங்க. கேன்ல கயிறைக் கட்டிக் கரையிலிருந்தே வீசலாம். கயிறு இல்லேன்னா வேட்டி, துப்பட்டா, நீளக் கம்புன்னு கைக்குக் கிடைச்சதை நீட்டலாம். பரிசல்ல ஏறினா லைஃப் ஜாக்கெட் பட்டனைப் போடுங்க. போட்டோவுல டீ-ஷர்ட் வாசகம் தெரியலைன்னு அதைக் கழட்டுற ஆளை இறக்கி விட்டுடலாம். தலைப்புல சொன்ன 'அந்தத் தண்ணி' ஆத்துப் பக்கம் தலைகாட்டவே கூடாது. காட்டுக்குள்ளே அதுக்கு அனுமதியும் கிடையாது.

டென்ட்டா, குடிலா?

'டென்ட் அடிச்சா செலவு கம்மி'ன்னு கேங்குல ஒரு பொருளாதார மேதை சொல்வார். யாரோ தனியார் தோட்டத்துல, காட்டு ஓரமா, மலிவா கிடைக்கும். 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம் அப்படியொரு டென்ட்ல தங்கின இளம் பெண் யானை தாக்கி இறந்துபோனார். அந்த டென்ட்டுகளுக்கு உரிமமே இல்லைன்னு அப்புறம் தெரிய வந்தது. யானைக்குத் தண்ணி வேணும், அது ராத்திரிதான் கரைக்கு வரும், அது வர்ற பாதையில நம்ம டென்ட்! சுவரும் கதவும் இருக்கிற வனத்துறை விடுதிக்கு நூறு, இருநூறு கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. வீட்ல அனுமதி வாங்கவும் அது உதவும், முக்கியமா பெண்களுக்கு. 'ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்மா' வேண்டாம். புக்கிங் ரசீதையே அம்மா கையில கொடுத்துடுங்க. செல்போன் சிக்னல் சரியா கிடைக்காத இடம். நீங்க எங்கே இருக்கீங்க, எப்போ திரும்புவீங்கன்னு வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

பைல என்ன? டார்ச், பேட்டரி, ஸ்வெட்டர், அட்டைக்கு உப்பு, காலேஜ் ஐ.டி. கார்டு, ஒரு டப்பா புளியோதரை. ஸ்பீக்கரை ரூம்லயே விட்டுட்டுப் போங்க. ராத்திரி காடு நிறைய சத்தம் போடும், அதைக் கேட்கத்தானே இவ்வளவு காசு!

ஞாயித்துக்கிழமை மதியமே கிளம்பிடுங்க. இருட்டினா செக்போஸ்ட்ல வண்டியை விடமாட்டாங்க. திங்கட்கிழமை முதல் பீரியட் யாருதுன்னு உங்களுக்கே தெரியும்!