பூனையும் நாயுமாகப் பெய்த மழை

நம்மூரில் ஆங்கிலம் படித்த யாரையும் ஒரு மரபுத்தொடர் சொல்லச் சொன்னால், ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்து விழும். பள்ளி நோட்டில் இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போனான், ‘ஒயிட் எலிபன்ட்’ என்றால் தண்டச் செலவு. அத்தனையும் மனப்பாடம். ஆனால் அதே மாணவர் பலத்த காற்றைப் பற்றி எழுதும்போது ‘ஹெவி விண்ட்’ என்பார். தப்பு செய்தேன் என்பதை ‘டிட் எ மிஸ்டேக்’ என்பார். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், மிஸ்டேக்குக்கு மேக் என்று எந்த வாத்தியாரும் தனியே எழுதிப் போட்டதில்லை.

ஏன் அப்படி என்று கேட்டால் ஆங்கிலேயரும் விழிப்பார். நமக்கு மட்டும் காரணம் தெரியுமா? மழை பெய்கிறது, காற்று வீசுகிறது; வெயில் மட்டும் ஏன் அடிக்கிறது?

இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களை ஆங்கிலம் கற்போருக்காக முறையாகத் திரட்டும் வேலை டோக்கியோவில் நடந்தது என்பது வேடிக்கைதான். ஜப்பானியக் கல்வித்துறைக்கு ஆலோசகராக 1922இல் போய்ச் சேர்ந்தவர் ஆங்கிலேய மொழியியலாளர் ஹரால்ட் பால்மர். மறு ஆண்டே அங்கே ஆங்கிலம் கற்பித்தலுக்கு ஓர் ஆய்வு நிறுவனம் அமைந்தது. இலக்கணமும் அகராதியும் கைவசம் இருந்தும் மாணவர் எழுதுவது ஆங்கிலமாக ஒலிக்கவில்லை என்றால் கோளாறு சொற்சேர்க்கையில்தான் என்று பால்மர் கண்டார். அவரும் அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பியும் கணினி இல்லாத காலத்தில், காதையும் வாசிப்பையும் நம்பி, ஆயிரக்கணக்கில் சேர்க்கைகளைத் தொகுத்தார்கள். 1933இல் அது அறிக்கையாக வெளிவந்தது. பிறகு ஹார்ன்பி குழுவினரின் அகராதி 1942இல் டோக்கியோவிலேயே அச்சானது, அதுவும் பிரிட்டனும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்தபோது! 1948இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபதிப்பு செய்தது. நம் நூலகங்களில் இருக்கும் ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ அகராதியின் மூலம் அதுதான்.

கணினி வந்தபின் இதே வேலை வேறு விதமாக நடந்தது. 1980இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர், காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து கோபில்ட் திட்டத்தைத் தொடங்கினார். கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் ஏற்றி, எந்தச் சொல் எதனோடு வருகிறது என்று பார்த்தார்கள். அகராதி 1987இல் வந்தது. அதுவரை அகராதிக்காரர்கள் ‘பேக்’ என்றால் முதலில் முதுகு என்று எழுதிவந்தார்கள். மக்களோ திரும்புதல் என்ற பொருளில்தான் அதை மிகுதியாகப் புழங்கினார்கள். ‘டேக்’, ‘மேக்’, ‘ஹேவ்’ போன்ற எளிய வினைகள் சொந்தப் பொருளை இழந்து, ‘டேக் எ லுக்’, ‘ஹேவ் எ பாத்’ என்று பக்கத்துச் சொல்லுக்குத் தாங்கலாக நிற்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம், ரோசமண்ட் மூன் 1998இல் வெளியிட்ட ஆய்வு, நாம் உருப்போட்ட ‘கிக் த பக்கெட்’ வகைத் தொடர்கள் உண்மையான எழுத்தில் மிக அரிதாகவே வருகின்றன என்று காட்டியது. நோட்டு நோட்டாக எழுதியதெல்லாம் விருந்தாளிச் சொற்கள். வீட்டில் குடியிருப்பவை வேறு.

இன்று 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்கிடங்கை இணையத்தில் யாரும் தேடலாம். சொற்சேர்க்கைக்கென்றே ஆக்ஸ்போர்டு 2002இல் தனி அகராதி போட்டுவிட்டது. கைப்பேசியில் ‘ஹெவி’ என்று தட்டினால் ‘ரெயின்’ வந்து நிற்கிறது. வசதிதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே சொல்லை அது நீட்டுவதால் எல்லோர் கடிதமும் ஒரே முகத்தோடு வருகிறது. ‘ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்று தொடங்காத அலுவலக மின்னஞ்சலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

நம் போட்டித் தேர்வுகள் மட்டும் இன்னும் பழைய நோட்டை விடவில்லை. மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி வினாத்தாளில் மரபுத்தொடருக்குப் பொருள் கேட்பது தொடர்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாளியை உதைத்தவனைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ‘மிஸ்டேக்’குக்கு முன்னால் என்ன வினை வரும் என்று கேளுங்கள். வேலைக்குப் போனபின் பிள்ளைகளுக்கு அதுதான் தேவைப்படும்.